தோட்டத்து திடல்ல இருந்து வியாழனையும் அதோட நாலு நிலாவையும் படம் புடிக்கிறது எப்படி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி செம்பனைத் தோட்டத்த ஒட்டுன டவுன்ல இருக்கிறவங்க நெறைய பேரு என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, இங்க இவ்ளோ தெரு லைட்டு இருக்கே, கிரகத்த படம் எடுக்கணும்னா கேமரன் மலை மாதிரி இருட்டான எடத்துக்கு போகணுமான்னுதான். வேணாம். பால்வீதி, நெபுலா எல்லாம் எடுக்கத்தான் இருட்டு வேணும், வியாழன் அப்படி கெடையாது, நிலாவும் வெள்ளியும் விட்டா ராத்திரி வானத்துல பெரும்பாலும் அதுதான் அதிக வெளிச்சம், தைப்பூச பௌர்ணமி அன்னிக்கு கூட தாராளமா எடுக்கலாம். வியாழனுக்கு வேண்டியது ஆடாத காத்து. அது நம்ம பக்கம் ரொம்ப நல்லா கெடைக்குது, அந்த அருமை நம்ம ஆளுங்களுக்கு தெரியலையேன்னுதான் இத எழுதுறேன்.

எப்படின்னா, நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்க ஏறக்குறைய 5 டிகிரில இருக்கு. வியாழன் வானத்துல வடக்க தெக்க நகந்தாலும் சுமாரா 23 டிகிரிக்குள்ளதான் நகரும், அதனால எந்த வருஷமா இருந்தாலும் உச்சத்துக்கு வரும்போது நம்ம ஊர்ல அடிவானத்துல இருந்து 60 டிகிரிக்கு கீழ எறங்கவே எறங்காது. லண்டன்ல இருக்கிறவங்களுக்கு 2019, 2020ல எல்லாம் 16 டிகிரி உயரத்துலதான் தெரிஞ்சுச்சு, அவ்ளோ தடிமனான காத்து வழியா பாத்தா படம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதோட குளிர் நாடுங்களுக்கு மேல ஓடுற ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற வேகமான மேல்காத்து நம்ம தலைக்கு மேல அவ்வளவா இருக்காது. நம்மள மாதிரியே வெப்ப மண்டலத்துல இருக்கிற பிலிப்பைன்ஸ் செபு நகரத்துல இருந்து எடுக்கிற கிறிஸ்டோபர் கோ, வியாழன்ல ஓவல் பிஏன்னு ஒரு வெள்ளை நெறப் புயல் இருந்துச்சு, அது சிவப்பா மாறுனத 2006 பிப்ரவரில தன்னோட படத்துல கண்டுபுடிச்சு சொன்னாரு. அவரு தொழில்முறை விஞ்ஞானி கெடையாது, நம்மள மாதிரி ஆர்வத்துல எடுக்கிறவருதான்.

எப்ப எடுக்கிறது

பூமி நடுவுல, சூரியன் ஒரு பக்கம், வியாழன் எதிர்ப்பக்கம்னு வர்ற சமயத்த எதிர்நிலைன்னு சொல்வாங்க. அப்பதான் கிட்டத்துல இருக்கும், பெருசா தெரியும், ராத்திரி முழுக்க வானத்துல இருக்கும். ஏறக்குறைய 13 மாசத்துக்கு ஒருதரம் வரும். 2026ல ஜனவரி 10, அடுத்தது 2027 பிப்ரவரி 10, 11 வாக்குல, அதுக்கடுத்தது 2028 மார்ச். எதிர்நிலை அன்னிக்குதான் எடுக்கணும்னு இல்ல, முன்ன பின்ன ரெண்டு மூணு மாசம் நல்லாவே இருக்கும். 2027 பிப்ரவரில ராத்திரி ஒன்றரை மணி வாக்குலதான் உச்சிக்கு வரும், காலைல வேலைக்கோ ஸ்கூலுக்கோ போறவங்களுக்கு கஷ்டம், ஆனா மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் முந்திக்கிட்டே வரும், மார்ச் நடுவுல 11 மணி சொச்சம், ஏப்ரல் நடுவுல 9 மணிக்கே தலைக்கு மேல. ஆனா ஏப்ரல்ல சாயங்காலம் இடி மழை அதிகமாயிடும் நம்ம மேற்குக் கரை பக்கம், அதனால நான் மார்ச்சத்தான் சொல்வேன். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் ஜெரெபுங்கிற புகைமூட்டம் வர்ற வருஷம்னா அந்த மாசங்கள நம்பாதீங்க. ஆனா லேசான ஜெரெபு இருக்கிற ராத்திரில காத்து அசையாம இருந்து படம் நல்லா வர்றதும் உண்டு, அதனால வானம் கொஞ்சம் மங்கலா இருக்கேன்னு உடனே படுத்துடாதீங்க, ஒருதரம் எட்டிப் பாருங்க.

வியாழன் எதுன்னு கண்டுபுடிக்கிறது சுலபம். மின்னாது, சன்னமா மஞ்சள் கலந்த வெள்ளையா நெலையா எரியும். வெள்ளி இத விட பிரகாசமா இருக்கும், ஆனா வெள்ளி நடுராத்திரில தலைக்கு மேல வரவே வராது, சாயங்காலம் மேற்கயோ விடியக்காலம் கிழக்கயோதான். சந்தேகமா இருந்தா போன்ல ஸ்டெல்லேரியம் ஆப் எறக்கிக்குங்க, இலவசம்தான், ஊர் பேரப் போட்டா குரு எங்க இருக்காரு, எந்த நிலா எந்தப் பக்கம் நிக்குதுன்னு எல்லாம் காட்டும். கோயில்ல நவக்கிரகத்துல குருவ சுத்தி வர்ற பெரியவங்கள கூப்ட்டு வானத்துல காட்டுங்க, அவ்ளோ சந்தோஷப்படுவாங்க.

எங்க வெச்சு எடுக்கிறது

இது முக்கியம், எல்லாரும் அலட்சியமா விடுறது இதத்தான். பகல் முழுக்க வெயில்ல காஞ்ச சிமெண்ட் தரை, தார் ரோடு, தகரக் கூரை எல்லாம் ராத்திரி 11 மணி வரைக்கும் சூட்ட வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அந்த சூடு மேல போகும்போது காத்து அலையடிக்கும், ஓடுற ஆத்துத் தண்ணிக்கு அடியில கெடக்குற காச பாக்குற மாதிரி கிரகம் நெளியும். அதனால வீட்டு முன்னாடி கார் நிறுத்துற எடத்த விட புல்லுத் தரை எவ்வளவோ மேல். தோட்டத்து பந்து திடல், தமிழ்ப்பள்ளி திடல், இது மாதிரி எடந்தான் அருமையான எடம். திடல்லயும் நடுவுல போய் வெய்யுங்க, லயத்து வீட்டுக் கூரைக்கு மேல வியாழன் நிக்கிற மாதிரி வெக்காதீங்க. பக்கத்துல செம்பனை ஆலை இருந்தா அந்தப் புகைக்கூண்டு பக்கம் பாக்குற மாதிரியும் வேணாம்.

திடலுக்கு போறதுக்கு முன்னாடி ஜாகா (காவல்காரரு) கிட்டயோ தோட்ட ஆஃபிஸ்லயோ ஒரு வார்த்த சொல்லிடுங்க, ராத்திரில திடல் நடுவுல குழாய் மாதிரி ஒண்ண நட்டு வெச்சுக்கிட்டு லேப்டாப்போட உக்காந்திருந்தா யாருக்கும் சந்தேகம் வரும். தனியா போகாதீங்க, பூட்ஸ் போடுங்க, புல்லுக்குள்ள பாம்பு இருக்கும். கொசுவத்தி வெக்கிறதா இருந்தா காத்து போற பக்கமா, டெலஸ்கோப்புக்கு தள்ளி வெய்யுங்க, புகை லென்ஸ்ல படியும். கொசு மருந்து பூசுன கையோட லென்ஸையும், கண்ண வெச்சுப் பாக்குற ஐபீஸையும் தொடாதீங்க.

டெலஸ்கோப் இல்லாதவங்க இங்க இருந்து ஆரம்பிங்க

10க்கு 50 பைனாகுலர் இருந்தாலே நாலு நிலாவும் தெரியும், கை ஆடாம சுவத்துலயோ கார் கூரையிலயோ முட்டு குடுத்துப் பாருங்க. டிஎஸ்எல்ஆர் கேமராவும் 300 மி.மீ லென்ஸும் இருக்கிறவங்க டிரைபாட்ல மாட்டி, ஆட்டோ ஃபோக்கஸ அணைச்சுட்டு, லைவ் வியூல பெருசாக்கி கையால ஃபோக்கஸ் பண்ணி, ஐஎஸ்ஓ 800, கால் வினாடின்னு எடுத்துப் பாருங்க. வியாழன் வெள்ளையா அடிச்சுடும், பரவால்ல, பக்கத்துல ஒரே கோட்டுல நிலாக்கள் புள்ளி புள்ளியா நிக்கும். ஒரு வினாடிக்கு மேல போகாதீங்க, பூமி சுத்துறதால புள்ளி கோடாயிடும். ரெண்டு வினாடி டைமர் போட்டு எடுங்க, பட்டன அமுக்குறப்ப ஆடாம இருக்கும்.

இந்த சின்ன படத்த கேவலமா நெனைக்காதீங்க. ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்துல எடுத்து வரிசையா அடுக்கி வெச்சுப் பாத்தா நிலாக்கள் எடம் மாறுறது அப்படியே தெரியும். கலிலியோ 1610 ஜனவரி 7ல இருந்து செஞ்சது இதேதான், முதல் நாள் மூணுதான் பாத்தாரு, நாலாவது ஜனவரி 13ல தெரிஞ்சுச்சு. பூமிய சுத்தாம வேற ஒண்ண சுத்துற பொருள் வானத்துல இருக்குன்னு அதுல இருந்துதான் உலகத்துக்கு புரிஞ்சுச்சு. உள்ள இருந்து வெளிய வரிசையா ஐயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ. ஐயோ சுத்தி வர 1.77 நாள், யூரோப்பா 3.55, கானிமீட் 7.15, கலிஸ்டோ 16.7 நாள். முதல் மூணும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மடங்கா வரும் பாருங்க, ஐயோ நாலு சுத்து சுத்துறதுக்குள்ள யூரோப்பா ரெண்டு, கானிமீட் ஒண்ணு. பிள்ளைங்களுக்கு அவங்க எடுத்த படத்த வெச்சே இந்தக் கணக்கப் போட சொல்லிக் குடுக்கலாம், நல்லா புரியும்.

டெலஸ்கோப் வாங்குறதா இருந்தா

ஆன்லைன்ல 525 மடங்கு பெருசாக்கும்னு படம் போட்டு விக்கிற விளையாட்டு சாமான வாங்காதீங்க. மடங்குங்கிறத நம்பாம குழாய் வாய் எவ்ளோ அகலம்னு பாருங்க, அத மி.மீட்டர்ல எடுத்து ரெண்டால பெருக்குனா அதுதான் அந்த டெலஸ்கோப் தாங்குற அதிகபட்சம், 60 மி.மீ வாய்க்கு 120 மடங்குக்கு மேல போனா மங்கல்தான். நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்றது ரெண்டே ரெண்டு. ஒண்ணு 127 மி.மீ மக்சுடோவ், ஃபோகல் நீளம் 1500 மி.மீ இருக்கும், குட்டையா இருக்கும், மோட்டார்ல கூட கட்டி எடுத்துட்டுப் போலாம், கண்ணாடிய சரி பண்ற வேலையும் அனேகமா கெடையாது. இன்னொண்ணு 150 அல்லது 200 மி.மீ டாப்சோனியன், கையால தள்ளி நகத்துற பெரிய குழாய், காசுக்கு இதுலதான் வெளிச்சம் அதிகம், ஆனா பெருசு, கார் வேணும், கண்ணாடி நேரா இருக்கான்னு அடிக்கடி பாக்கணும்.

டாப்சோனியன் எடுக்கிறவங்களுக்கு நம்ம மாதிரி வெப்ப மண்டல ஊருல வர்ற ஒரு தொல்லை இருக்கு. வியாழன் உச்சிக்கு பத்து டிகிரி பக்கத்துல போற வருஷத்துல சரியா தலைக்கு மேல வந்துட்டா குழாய் செங்குத்தா நிக்கும், அப்ப பக்கவாட்டுல நகத்துறது ரொம்ப சிரமம், தள்ளினா எங்கயோ போகும். அதனால உச்சிக்கு ஒன்றரை ரெண்டு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ, 55ல இருந்து 70 டிகிரி உயரத்துல இருக்கும்போது எடுங்க. அந்த உயரமே ரொம்ப ரொம்ப நல்ல உயரம், குளிர் நாட்டுல இருக்கிறவங்க அதுக்கு ஏங்குவாங்க. காத்து ஒளிய நெறம் நெறமா பிரிச்சு விடுறத சரி பண்ண அவங்க ஏடிசின்னு தனியா ஒரு சாமான் வாங்கி மாட்டணும், நமக்கு பெரும்பாலும் அது தேவைப்படாது.

வாங்குனதும், குறி பாக்குறதுக்கு குழாய் மேல இருக்கிற சின்ன ஃபைண்டர பகல்லயே சரி பண்ணிடுங்க. தூரத்துல தெரியிற டெலிகாம் கோபுரம், இல்ல ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மரத்து உச்சி, அத டெலஸ்கோப் நடுவுல கொண்டு வந்து வெச்சுட்டு ஃபைண்டர் நடுவும் அங்கயே நிக்கிற மாதிரி திருகு திருப்புங்க. சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, ஒரு நொடில கண்ணு போயிடும், பிள்ளைங்க பக்கத்துல இருந்தா மூடி போட்டே வெய்யுங்க.

பிறகு, வானம் நகர்றதோட சேந்து தானா நகர்ற ட்ரேக்கிங் மௌண்ட் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. வடக்கு நட்சத்திரம் நமக்கு அடிவானத்துல இருந்து 5 டிகிரிதான், மரமோ மலையோ மறைச்சுடும், அத வெச்சு போலார் அலைன்மெண்ட், அதாவது மௌண்ட் அச்ச துருவத்துக்கு நேரா நிறுத்துறது, பண்ண முடியாது. கவலப்படாதீங்க, கிரகத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் வீடியோதான், காம்பஸ் வெச்சு வடக்கு பாத்து, சாய்வ 5 டிகிரில வெச்சாலே போதும். லேசா நகந்து போறத சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

போன வெச்சு எடுக்கிறது

ஐபீஸ்ல போன மாட்டுற அடாப்டர் நூறு வெள்ளிக்குள்ளயே கெடைக்கும். முதல்ல 25 மி.மீ ஐபீஸ்ல வியாழன நடுவுக்கு கொண்டு வாங்க, பிறகுதான் 10 மி.மீ. போன்ல நேரா பாத்தா வெறும் வெள்ள உருண்டையாத்தான் தெரியும், திரையில கிரகத்து மேல விரல வெச்சு அமுக்கிப் புடிச்சா ஃபோக்கஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கும், பிறகு பக்கத்துல வர்ற சின்ன சூரியன் குறிய கீழ இழுத்துக்கிட்டே வாங்க, வெளிச்சம் கொறையக் கொறைய ரெண்டு பழுப்புப் பட்டை மெல்ல வெளிய வரும். அந்த நிமிஷத்துல நிப்பாட்டி வீடியோ எடுங்க, ஃபோட்டோ வேணாம். 4கே, வினாடிக்கு 60 ஃப்ரேம், ரெண்டு நிமிஷம். ப்ரோ மோட் இருந்தா இன்னும் நல்லது, ஐஎஸ்ஓ கம்மியா வெய்யுங்க. நிலாக்களுக்கு தனியா வெளிச்சத்த ஏத்தி இன்னொரு வீடியோ எடுத்துக்குங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கிரக கேமரா, ஃபோக்கஸ், வீடியோ

கொஞ்ச நாள் போன்ல எடுத்துப் பழகிட்டு ஆச வந்தா, ஐபீஸ் எடத்துல சொருகுற சின்ன யூஎஸ்பி கேமரா வாங்கலாம், 2.9 மைக்ரான் பிக்சல் இருக்கிற கலர் கேமரா நெறைய வருது. கேமராவோட பிக்சல் அளவ அஞ்சால பெருக்குனா டெலஸ்கோப்போட எஃப் எண் (ஃபோகல் நீளத்த வாய் அகலத்தால வகுத்தா வர்றது) எவ்ளோ இருந்தா நல்லதுன்னு வந்துடும், 2.9க்கு 14, 15 வாக்குல. மக்சுடோவ் இயல்பாவே எஃப் 12 கிட்ட இருக்கு, அப்படியே விடுங்க. டாப்சோனியன் எஃப் 6, 8ன்னு இருக்கும், ஃபோகல் நீளத்த ரெண்டு மடங்காக்குற 2 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டுக்கலாம். 127 மி.மீ மக்சுடோவ்ல இந்த கேமராவப் போட்டா ஒரு பிக்சலுக்கு 0.4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), எதிர்நிலை சமயத்துல வியாழன் 45 ஆர்க்செகண்ட் இருக்கும், அப்ப படத்துல 110 பிக்சல் அகலத்துக்கு வரும். சின்னதுதான். ஆனா பட்டை, பெரிய சிவப்புப் புள்ளி, நிலா நிழல் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்.

ஃபோக்கஸ்தான் எல்லாத்துக்கும் உயிர். வியாழன் விளிம்பப் பாத்து ஃபோக்கஸ் பண்ணாதீங்க, அது காத்துல நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், எது சரின்னு கண்ணு ஏமாந்துடும். ஒரு நிலாவப் புடிங்க. லேப்டாப்ல கெய்ன, அதாவது கேமராவோட ஒளி உணர்வ, ஏத்துனா கானிமீட் தெரியும், ஃபோக்கஸ் குமிழ மெதுவா ஒரு பக்கமா திருப்பிக்கிட்டே வாங்க, பூசுனாப்ல இருந்தது சின்னதாகி சின்னதாகி ஒரு கட்டத்துல கெட்டியான புள்ளியாகும், அதத் தாண்டுனா மறுபடி ஊத ஆரம்பிக்கும். தாண்டுனதும் திரும்ப வாங்க. இப்படி ரெண்டு பக்கமும் போய் வந்து நடு எங்கன்னு கைக்கு தெரியணும். குமிழத் தொட்டா படம் ஆடும், கைய எடுத்துட்டு ரெண்டு வினாடி காத்திருந்து பாருங்க. பாஹ்டினோவ் மாஸ்க்ன்னு ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கு, பிரகாசமான நட்சத்திரத்துல அத வெச்சு சரி பண்ணிட்டு வியாழனுக்கு வர்றதும் நல்ல வழி. அரை மணிக்கு ஒருதரம் மறுபடி பாருங்க, ராத்திரி குளிரக் குளிர ஃபோக்கஸ் நகரும்.

வீடியோ எடுக்க ஃபயர்கேப்சர் இலவசம், ஷார்ப்கேப்லயும் இலவசப் பதிப்பு இருக்கு. ஜன்னல, அதாவது சென்சார்ல பதிவாகுற பகுதிய, 640க்கு 480 பிக்சல்னு சின்னதா வெட்டிக்குங்க, அப்பதான் வேகம் கெடைக்கும். எக்ஸ்போஷர் 5ல இருந்து 15 மில்லிசெகண்ட், வெளிச்ச அளவக் காட்டுற ஹிஸ்டோகிராம் 60, 70 விழுக்காட்டுல நிக்கிற வரைக்கும் கெய்ன ஏத்துங்க, அதுக்கு மேல வேணாம். எஸ்ஈஆர்ங்கிற வகை வீடியோ ஃபைலா சேமிங்க. வினாடிக்கு 80 ஃப்ரேம்னா ரெண்டு நிமிஷத்துல 9600 ஃப்ரேம், ஒரு வீடியோவே ஏறக்குறைய 3 ஜிபி வரும், லேப்டாப்ல எடம் பாத்து வெச்சுக்குங்க. ட்ரேக்கிங் இல்லாத டாப்சோனியன்ல 2 மடங்கு பார்லோ போட்டா 640 பிக்சல் ஜன்னல 11 வினாடி வாக்குல வியாழன் கடந்து போயிடும், அதனால முழு சென்சாரையும் தொறந்து விட்டு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு ஓட விடுங்க, மறுபடி தள்ளி வெச்சு மறுபடி ஓட விடுங்க, பிறகு எல்லாத்தையும் சேத்துக்கலாம்.

ஏன் ரெண்டு நிமிஷம்னு கேப்பீங்க. பூமிய விட 11 மடங்கு அகலமான அந்தக் கிரகம் 10 மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திடுது. நடுவுல இருக்கிற ஒரு புள்ளி நிமிஷத்துக்கு கால் ஆர்க்செகண்ட் கிட்ட நகரும், 127 மி.மீ டெலஸ்கோப்புக்கு மூணு நிமிஷம் வரைக்கும் தாங்கும், 200 மி.மீக்கு ரெண்டோட நிப்பாட்டிக்கிறது நல்லது. ஒரு வீடியோவோட விடாம அஞ்சாறு எடுங்க. எடுக்கும்போது திரையவே பாத்துக்கிட்டு இருங்க, கொஞ்ச நேரம் கொதிக்கிற மாதிரி நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு வினாடி எல்லாம் அடங்கி பட்டைக்குள்ள இருக்கிற சுழி வரைக்கும் பளிச்சுனு தெரியும், பிறகு மறுபடி கலங்கிடும். அந்த அடங்குன வினாடிங்களத்தான் நாம பின்னாடி பொறுக்கி எடுக்கப் போறோம்.

சிவப்புப் புள்ளி வேணும்னா நேரம் பாத்துப் போகணும். இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு நடுவுல இருந்துச்சுன்னா அஞ்சு சுத்து கழிச்சு நாளை மறுநாள் 10 மணி 40 நிமிஷ வாக்குல மறுபடி நடுவுல வரும், அந்தக் கணக்க ஞாபகம் வெச்சுக்குங்க. அது வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வருது, பத்தொன்பதாம் நூற்றாண்டுல 40,000 கிலோமீட்டர் அகலம்னு அளந்தாங்க, இப்ப 16,000 வாக்குல, இன்னும் பூமி உள்ள போற அளவுதான்.

பனியும் பூஞ்சையும்

நம்ம ஊருல டெலஸ்கோப்ப கெடுக்கிறது இந்த ஈரந்தான். 11 மணி தாண்டுனா செம்பனை எலையில சொட்டுற அதே ஈரம் மக்சுடோவ் முன்கண்ணாடியிலயும் படியும், திரையில வியாழன் கொஞ்சம் கொஞ்சமா மங்கும், புதுசா எடுக்கிறவங்க மேகம்னு நெனச்சுக்குவாங்க. டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, கண்ணாடி பால் மாதிரி வெளுத்திருந்தா பனி. துணியால தொடைக்காதீங்க, கீறிடும். முன்கூட்டியே குழாய் வாய்க்கு கறுப்பு ஃபோம் ஷீட்ட சுருட்டி மாட்டுங்க, குழாய் வாய் அகலத்துல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். பவர் பேங்க்ல ஓடுற யூஎஸ்பி ஹீட்டர் பட்டையும் சுத்திட்டா இன்னும் நிம்மதி.

ஏர்கான் ரூம்ல இருந்து நேரா வெளிய கொண்டு வந்தா உடனே வேர்த்துடும், ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய வெச்சுடுங்க. முடிச்சுட்டு உள்ள கொண்டு வந்ததும் ஈரத்தோட மூடி போடாதீங்க, ஃபேன் ஓடுற ரூம்ல நல்லா காய விட்டு பிறகு மூடுங்க. டிரை கேபினெட் வாங்க முடியலன்னா இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல், நெறம் மாறுனா காய வெச்சு மறுபடி போடுங்க. கண்ணாடியில பூஞ்சை நூல் மாதிரி படர ஆரம்பிச்சுட்டா பிறகு அந்த டெலஸ்கோப்ப முழுசா மீட்கிறது ரொம்ப கஷ்டம்.

வீட்டுக்கு வந்து செய்ற வேலை

முதல்ல பிப்ங்கிற சாஃப்ட்வேர்ல வீடியோவப் போட்டா கிரகத்த ஒவ்வொரு ஃப்ரேம்லயும் நடுவுக்கு கொண்டு வந்து வெட்டிக் குடுத்துடும், போன் வீடியோவுக்கும் டாப்சோனியன் வீடியோவுக்கும் இது கட்டாயம். அடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட். பிளானட்னு தேர்ந்தெடுத்து அனலைஸ் அமுக்குனா நல்ல ஃப்ரேம்ல இருந்து மோசமான ஃப்ரேம் வரைக்கும் வரிசைப்படுத்தி ஒரு கோடு வரையும், அந்தக் கோடு எங்க சரியுதுன்னு பாத்து அதுக்கு மேல இருக்கிறத மட்டும் அடுக்க சொல்லுங்க. நல்ல ராத்திரின்னா பாதி வரைக்கும் எடுக்கலாம், சுமாரான ராத்திரிக்கு 20 விழுக்காடு, 9600ல 20 விழுக்காடுன்னா 1920 ஃப்ரேம், அது ஒண்ணு மேல ஒண்ணு சேரும்போது இரைச்சல் அடங்கி வழவழன்னு ஒரு படம் வரும். மங்கலாத்தான் இருக்கும், பயப்படாதீங்க.

அத ரெஜிஸ்டாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல தொறந்து, விவரத்த கூர்மையாக்குற வேவ்லெட் குமிழ ஒண்ணொண்ணா நகத்துங்க. இங்கதான் நெறைய பேரு படத்த கெடுக்கிறாங்க. ஷார்ப் ஆகுதேன்னு இழுத்துக்கிட்டே போனா விளிம்புல வெங்காயத் தோல் மாதிரி ரெண்டாவது கோடு வரும், பட்டையெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி ஆகும், அங்க இல்லாத விவரத்த சாஃப்ட்வேர் உருவாக்கிடும். விளிம்புல கோடு தெரிய ஆரம்பிச்ச எடத்துல இருந்து கொஞ்சம் பின்னாடி வந்து நிப்பாட்டுங்க. நெறங்கள ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருத்துற ஆர்ஜிபி அலைன் ஒருதரம் அமுக்குங்க. எடுத்து வெச்சுட்டு மறுநாள் காலைல புதுக் கண்ணோட பாருங்க. அஞ்சாறு வீடியோவையும் சுழற்சிய சரிக்கட்டி ஒண்ணாக்க வின்ஜுபோஸ்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டாவது வருஷத்துக்கு.

நிலாக்கள் வியாழன விட ரொம்ப மங்கல், வியாழனுக்கு சரியா வெச்ச எக்ஸ்போஷர்ல மங்கலாத் தெரியும் இல்ல தெரியவே தெரியாது. அதனாலதான் தனி வீடியோ எடுக்க சொன்னேன், ரெண்டையும் தனித்தனியா அடுக்கி, வெளிச்சமான படத்துல இருந்து நிலாக்கள எடுத்து அதே எடத்துல, அதே அளவுல வியாழன் படத்தோட சேக்கணும். எடம் மாத்தாதீங்க, அழகுக்காக கிட்டக் கொண்டு வராதீங்க, ரெண்டு வீடியோவ சேத்ததுன்னு படத்துக்கு கீழ எழுதுங்க. கலிஸ்டோ ரொம்ப தூரம் போகும், வியாழனோட ஆரத்துல 26 மடங்கு, மக்சுடோவ்ல அது 1400 பிக்சலுக்கு மேல, சின்ன ஜன்னல்ல அடங்கவே அடங்காது, நாலும் வேணும்னா ஜன்னல முழுசா தொறந்து வியாழன ஓரமா தள்ளி வெய்யுங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது நிலா நிழல்தான். ஐயோ வியாழனுக்கு முன்னாடி போகும்போது அதோட நிழல் மேகத்து மேல மசி வெச்ச புள்ளி மாதிரி கறுப்பா விழும். ஐயோ ஒரு மணி நேரத்துல வியாழன் அகலத்துல கிட்டத்தட்ட பாதி தூரம் போயிடும், பத்து நிமிஷத்துக்கு ஒரு வீடியோன்னு எடுத்து வரிசையா ஓட்டுனா நிழல் நகர்றது சினிமா மாதிரி தெரியும், ஸ்டெல்லேரியம்ல தேதிய முன்னாடி ஓட்டிப் பாத்து எந்த ராத்திரின்னு குறிச்சு வெச்சுக்குங்க. ஏறக்குறைய 6 வருஷத்துக்கு ஒருதரம் வர்ற சீசன்ல ஒரு நிலா இன்னொரு நிலாவையே மறைக்கும், 2026, 2027 அப்படிப்பட்ட சமயந்தான், விடாதீங்க.

ஃபைல் பேரு

ஒவ்வொரு வீடியோவுக்கும் தேதி, நேரம், டெலஸ்கோப், கேமரா எல்லாம் பேர்லயே இருக்கட்டும். நேரத்த யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல எழுதுங்க, மலேசிய நேரத்துல இருந்து 8 மணி நேரம் கழிக்கணும், ராத்திரி 11 மணின்னா 15:00. லேப்டாப் கடிகாரம் இன்டர்நெட் நேரத்தோட ஒத்துப் போகுதான்னு கெளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. கிரகத்த ஆராயிறவங்க நம்ம மாதிரி ஆளுங்க படத்த நெசமாவே பயன்படுத்துறாங்க, பிவிஓஎல்னு ஸ்பெயின்ல பாஸ்க் பல்கலைக்கழகம் நடத்துற சேமிப்புல உலகம் முழுக்க இருந்து படம் சேருது, அங்க நேரம் இல்லாத படம் எடுபடாது.

எடுத்த வீடியோவ உடனே அழிக்காதீங்க. 2010 ஜூன் 3ல ஆஸ்திரேலியாவுல அந்தோணி வெஸ்லி வியாழன் மேல ஏதோ ஒண்ணு விழுந்து பளிச்சுனு மின்னுறத புடிச்சாரு, அதே நேரத்துல செபுல கிறிஸ்டோபர் கோவும் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு, சேதி தெரிஞ்சதும் தன்னோட வீடியோவ தேடிப் பாத்தா அதுலயும் அந்த மின்னல் இருந்துச்சு, ரெண்டு எடத்துல பதிவானதாலதான் அது கேமரா கோளாறு இல்லன்னு உறுதியாச்சு. அதனால ஒரு ஹார்ட் டிஸ்க் தனியா வாங்கி மாச வாரியா போட்டு வெய்யுங்க, எடம் பத்தலன்னா மேகம் மறைச்சுக் கெட்டுப் போன வீடியோவ மட்டும் அழிச்சுடுங்க.